வளைகுடாக் கரையில் ஒரு பகல் பயணம்



பயணம் முடிந்து திரும்பிய பின்னரே அதைப்பற்றி எழுதுவது வழக்கம். இம்முறை புறப்படுவதற்கு முன்பே எழுத முனைந்திருக்கிறோம். செல்லவிருக்கும் தூரம் பெரிதன்று, 233 கிலோமீட்டர்தான். வண்டியில் அமர்ந்திருக்கப் போவது நான்கு மணிக்கும் குறைந்த நேரமே. எனினும் அந்த நான்கு மணி நேரத்திற்குத் திட்டம் தீட்டவே நமக்கு மூன்று மாதங்கள் ஆயின. அதில் கற்றது நம்மோடு நின்றுவிடாமல், உங்களில் சிலருக்காவது பயன்படட்டும் என்று கருதுகிறோம்.

நம் தமையனார் இரயில்வேயில் முப்பத்தாறு ஆண்டுகள் கார்டாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். சென்ற ஆண்டு அவருடைய கண்களைச் சோதித்த மருத்துவர் கிளாக்கோமா என்றார். கண்ணினுள் அழுத்தம் மிகுந்து பார்வை நரம்பைச் சிறிது சிறிதாக அரித்துவிடும் நோய் அது. நடுப்பார்வை நன்றாகவே இருக்கும். ஓரங்கள் மட்டும் ஓசையின்றிக் கரைந்துவரும். “போனது திரும்பாது; இருப்பதைச் சொட்டு மருந்தால் காக்க முயல்வோம்” என்று மருத்துவர் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

தமையனாரின் மகள் அமெரிக்காவில், நியூ ஆர்லியன்ஸ் நகரை அடுத்த மெட்டேரி என்னும் புறநகரில் செவிலியாகப் பணியாற்றுகிறாள். செய்தி கேட்டதும், “அப்பா, கண் நன்றாயிருக்கும்போதே வந்துவிடுங்கள். சித்தப்பாவையும் அழைத்து வாருங்கள்” என்றாள். எதைப் பார்க்க ஆசை என்றும் கேட்டாள். தமையனார் உடனே விடை சொல்லவில்லை. மறுநாள் மாலை நம்மிடம் வந்து அமர்ந்தார். பிறர் முன்னிலையில் நம்மைச் ‘சாமி’ என்று அழைப்பவர், தனிமையில் இன்றும் ‘தம்பி’ என்றே அழைப்பார்.

“தம்பி, முப்பத்தாறு வருடம் வண்டியின் வாலில் உட்கார்ந்து, கடந்து போனதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொடி, விளக்கு, அடையாளக் கம்பம், இவைதான் என் கண்ணுக்கு வேலை. ஒரு பகலாவது வெறும் பயணியாகச் சன்னலோரம் உட்கார்ந்து, தண்ணீரின் மேல் வண்டி போவதைப் பார்க்க வேண்டும்.”

இதுதான் அவர் கேட்டது. ஆகவே நாம் நில வரைபடத்தையும் இரயில் அட்டவணையையும் விரித்து வைத்துக்கொண்டு அமர்ந்தோம்.

எந்த வண்டி?

அமெரிக்காவில் தொலைதூரப் பயணிகள் வண்டிகளை 1971 முதல் ஆம்ட்ராக் என்னும் நிறுவனம் நடத்திவருகிறது. நியூ ஆர்லியன்ஸிலிருந்து சிகாகோவுக்கு ஒரு வண்டியும், நியூயார்க்குக்கு ஒரு வண்டியும், லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ஒரு வண்டியும் நெடுங்காலமாக உண்டு. நியூயார்க் வண்டி பாண்ட்சார்ட்ரெய்ன் ஏரியை ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளமுள்ள பாலத்தின் வழியே கடக்கிறது என்று படித்ததும் நம் மனம் அதன்பால் ஓடியது. ஆனால் அந்த மூன்று வண்டிகளும் இரவைக் கடந்து ஓடுபவை. பாலத்தைத் தாண்டியபின் நெடுந்தொலைவு காடும் வயலுமாகச் செல்லும். ஒரு பகலில் போய்த் திரும்ப அவை ஏற்றவையல்ல.

அப்போதுதான் நான்காவது வண்டி ஒன்று கண்ணில் பட்டது. நியூ ஆர்லியன்ஸுக்கும் அலபாமா மாநிலத்தின் மோபீல் நகருக்கும் இடையே, மெக்சிகோ வளைகுடாவின் கரையை ஒட்டி ஓடும் வண்டி அது. ஊரின் பெயரை ஆங்கில எழுத்தில் பார்த்துக் கைப்பேசி என்று மயங்க வேண்டா. அவ்வூரார் அதை ‘மோபீல்’ என்றே ஒலிக்கின்றனர். வண்டியின் பெயர் மார்டி கிரா சேவை. பிரெஞ்சு மொழியில் ‘கொழுத்த செவ்வாய்’ என்று பொருள்படும் இச்சொல், திருநீற்றுப் புதனுக்கு முந்திய நாளைக் குறிக்கும். தவக்காலம் தொடங்குமுன் உண்டு களித்து, வேடமிட்டு ஊர்வலம் வரும் விழா இவ்விரு நகரங்களிலும் மிகப் பெரியது. இவ்விழா அமெரிக்க நாட்டில் தங்கள் ஊரில்தான் 1703இல் முதன்முதலாகக் கொண்டாடப்பட்டது என்று மோபீல் மக்கள் பெருமை கொள்வர். நியூ ஆர்லியன்ஸ் நிறுவப்பட்டதோ 1718இல்தான்!

இவ்வண்டி பொதுமக்களுக்காக ஓடத் தொடங்கியது 2025 ஆகஸ்ட் 18ஆம் நாள். ஆனால் தண்டவாளம் புதிதன்று. 1870ஆம் ஆண்டிலேயே இவ்விரு நகரங்களையும் இணைத்த பாதை அது. அப்படியானால் பயணிகள் வண்டி ஏன் இத்துணைப் பிந்தி வந்தது? அந்தக் கதையை அறியாமல் சன்னலோரம் அமர்ந்தால், காணும் காட்சியில் பாதி நமக்கு விளங்காது.

நின்ற வண்டி, திரும்பிய வண்டி

1993 முதல் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் வழியாக ஃபுளோரிடா வரை வாரம் மும்முறை ஒரு வண்டி இந்தப் பாதையில் சென்றுகொண்டிருந்தது. 2005 ஆகஸ்ட் 29ஆம் நாள் காத்ரீனாப் புயல் கரையைக் கடந்தது. நியூ ஆர்லியன்ஸில் வெள்ளத் தடுப்புச் சுவர்கள் உடைந்து, நகரின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மிசிசிப்பி மாநிலக் கரையில் பாஸ் கிறிஸ்டியன் என்னும் சிற்றூரருகே கடல் 8 மீட்டருக்கு மேல் உயர்ந்து ஊருக்குள் புகுந்தது. பே செயின்ட் லூயிஸ் விரிகுடாவைக் கடந்த இரயில் பாலத்தின் மேல்தளத்தை அலைகள் வாரிச் சென்றன. அருகிலிருந்த சாலைப் பாலமும் தப்பவில்லை. பல இடங்களில் தண்டவாளம் ஓடிய மண்மேடே அணைபோல் நின்று, பின்னாலிருந்த வீடுகளை ஓரளவு காத்தது. அதனால் அக்கரை மக்கள் புயலைப் பற்றிப் பேசும்போது, ‘தண்டவாளத்துக்குத் தெற்கே’, ‘தண்டவாளத்துக்கு வடக்கே’ என்று தங்கள் ஊரையே இரண்டாகப் பிரித்துச் சொல்லலாயினர்.

பாதையின் உரிமை சரக்கு இரயில் நிறுவனத்துக்கு உரியது. அது பெரும்பொருள் செலவிட்டுச் சில மாதங்களிலேயே பாலங்களைச் செப்பனிட்டது. சரக்கு வண்டிகள் ஓடின. பயணிகள் வண்டி மட்டும் வரவில்லை. ஓராண்டு, ஐந்தாண்டு, பத்தாண்டு என்று காலம் சென்றது. பயணிகள் வண்டி வந்தால் சரக்குப் போக்குவரத்துத் தடைப்படும் என்று இரயில் நிறுவனங்களும் மோபீல் துறைமுகமும் அஞ்சின. செலவை யார் ஏற்பது என்பதிலும் இழுபறி. லூசியானா, மிசிசிப்பி, அலபாமா ஆகிய மூன்று மாநிலங்களின் கூட்டு அமைப்பான தென்னக இரயில் ஆணையம் விடாமல் முயன்றது. 2021இல் வழக்கு நடுவணரசின் போக்குவரத்து வாரியத்தின்முன் சென்றது. 2022 நவம்பரில் தரப்பினர் உடன்பாடு கண்டனர். 2024 ஆகஸ்டில் மோபீல் நகர மன்றம் தன் பங்குப் பணத்தைத் தர ஒப்பிற்று. அதற்கும் ஓராண்டு கழித்து, புயலடித்த இருபதாவது ஆண்டு நிறைவுக்குப் பதினொரு நாள் முன்னதாக, பயணிகள் வண்டி திரும்பியது. மோபீலுக்குக் கிழக்கே ஃபுளோரிடாவரை சென்ற பகுதியில் இன்னும் பயணிகள் வண்டி இல்லை.

இதைத் தமையனாருக்குப் படித்துக் காட்டியபோது, “சரக்குக்கு ஐந்து மாதம், மனிதனுக்கு இருபது வருடமா?” என்று கேட்டார். சற்றுப் பொறுத்து, “ஆனாலும் விட்டுவிடவில்லையே அவர்கள்” என்றும் சொன்னார்.

முதலில் செய்த தவறு

நாம் தீட்டிய முதல் திட்டத்தைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இடையில் நான்கு நிறுத்தங்கள்: பே செயின்ட் லூயிஸ், கல்ஃப்போர்ட், பிலாக்ஸி, பாஸ்ககூலா. நான்கிலும் இறங்கி, ஒவ்வோரிடத்திலும் ஒரு மணி நேரம் செலவிட்டு, அடுத்த வண்டி ஏறி மோபீல் சேர்வது என்று எழுதி வைத்தோம். நம் ஊர்ப் பேருந்துகளைப் போல் வண்டிகள் வந்துகொண்டேயிருக்கும் என்னும் நினைப்பு! தமையனார் அட்டவணையைப் பூதக் கண்ணாடி வைத்துப் படித்துவிட்டுச் சிரித்தார். ஒவ்வொரு திசையிலும் நாளொன்றுக்கு இரண்டே வண்டிகள். காலை வண்டியில் சென்று வழியில் இறங்கினால், அதே திசையில் அடுத்த வண்டி மாலையில்தான் வரும்.

அவ்வாறு இழக்க நேர்ந்ததில் நம் மனத்தை வருத்தியது பே செயின்ட் லூயிஸ். அச்சிற்றூரின் புனித அகுஸ்தீனார் குருமடம் அமெரிக்கத் திருச்சபை வரலாற்றில் தனியிடம் பெற்றது. கறுப்பின இளைஞர்களுக்குக் குருமடங்களின் கதவு பெரும்பாலும் மூடியிருந்த காலத்தில், இறைவார்த்தை சபையினர் 1920இல் மிசிசிப்பியின் கிரீன்வில் நகரில் அவர்களுக்கெனவே குருமடம் தொடங்கினர். 1923இல் அது பே செயின்ட் லூயிஸுக்கு மாற்றப்பட்டது. 1934இல் அங்கிருந்து நால்வர் குருக்களாகத் திருநிலை பெற்றனர். அந்த வளாகத்தில் ஒரு நாழிகை நின்று வர ஆசைதான். ஆனால் இது நமக்கான பயணமன்று. யாருக்காகப் புறப்படுகிறோம் என்பதை மறந்தால் திட்டம் எத்துணைச் சிறந்ததாயினும் பயனில்லை. குருமடத்தை வேறொரு நாளைக்கு விட்டுவிட்டோம்.

இரண்டாம் தவறும் உண்டு. நம் அண்ணன் மகளின் வேலை நேரத்தை முன்னிட்டு, நியூ ஆர்லியன்ஸிலிருந்து மாலை வண்டியில் சென்று மோபீலில் இரவு தங்கலாம் என்று எண்ணினோம். அவ்வண்டி மாலை 5.31க்குப் புறப்பட்டு இரவு 9.14க்கு மோபீல் சேர்கிறது. ஓரப் பார்வை குறைந்தவருக்கு அந்தி மங்கலில் எதுவும் தெரியாது. சன்னலில் தம் முகத்தைத்தான் அவர் பார்த்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். அதையும் அடித்துவிட்டோம்.

மகள் காரிலேயே சென்றுவரலாம் என்றாள். நெடுஞ்சாலையில் இரண்டரை மணி நேரத்திற்குள் சேர்ந்துவிடலாம், உண்மைதான். ஆனால் நெடுஞ்சாலை கரையைவிட்டு விலகி உள்நாட்டில் செல்கிறது. இரயிலோ சதுப்பு நிலத்தையும் நீரையும் தொட்டுக்கொண்டே செல்கிறது.

ஒளியைக் கொண்டு வகுத்த திட்டம்

ஆகவே விலையையும் வசதியையும் ஒதுக்கிவிட்டு, ஒளி எப்போது, எந்தப் பக்கம் என்பதை மட்டும் வைத்துத் திட்டத்தை மறுபடி எழுதினோம்.

முதலாவது, பருவம். அப்பகுதியில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயற்பருவம். அதிலும் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களே கடுமையானவை. நியூ ஆர்லியன்ஸ் உயர் மறைமாவட்டத்து ஆலயங்களில் இப்பருவம் முழுதும் திருப்பலியில், ‘விரைந்து உதவும் அன்னை’யிடம் புயலிலிருந்து காக்குமாறு மன்றாடுவது மரபு. 1727இல் அந்நகருக்கு வந்த உர்சுலைன் சகோதரிகள் வளர்த்த பக்தி அது. திசம்பரில் புயல் அச்சம் இல்லை; ஆனால் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். மார்டி கிரா வாரங்களில் கூட்டம் தாங்காது. விடுதிக் கட்டணமும் ஏறிவிடும். எஞ்சியது உயிர்ப்புப் பெருவிழாவை அடுத்த ஏப்ரல் வாரங்கள். பங்குத் தந்தையர்க்கு மூச்சுவிட நேரம் கிடைப்பதும் அப்போதுதான் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இரண்டாவது, நேரம். காலை வண்டி நியூ ஆர்லியன்ஸில் 7.35க்குப் புறப்பட்டு 11.18க்கு மோபீல் சேர்கிறது. மோபீலிலிருந்து மாலை 4.30க்குப் புறப்படும் வண்டி இரவு 8.14க்குத் திரும்புகிறது. ஏப்ரல் இறுதியில் அங்கே சூரியன் மறைய மாலை ஏழரை ஆகும். ஆகவே போகும் வழி முழுதும் பகல். திரும்பும் வழியிலும் பெரும்பகுதி வெளிச்சம். ஒரே நீரை இருவேறு ஒளியில் பார்க்கலாம்.

மூன்றாவது, பக்கம். கிழக்கு நோக்கிச் செல்லும்போது கடல் வலப்புறம், திரும்பும்போது இடப்புறம். காலையில் சூரியன் வண்டிக்கு முன்னும் சற்று வலப்புறமும் நிற்கும். கூசும் கண்களுக்கு அது தொல்லை. எனவே கறுப்புக் கண்ணாடியும் விளிம்பு அகன்ற தொப்பியும் வேண்டும். மாலையில் இடப்புறம் அமர்ந்தால் சூரியன் எதிர்ப்பக்கத்துக்குச் சாய்ந்திருக்கும். கடற்பக்கம் கண்ணுக்கு இதமாக இருக்கும். இத்தனையும் நமக்குத் தோன்றவில்லை. தமையனாரே திசைகாட்டியைப் போல் விரலை நீட்டிக் கணக்கிட்டுச் சொன்னார்.

நான்காவது, எதைப் பார்ப்பது. ஓரப் பார்வை குறைந்தவர் குழாய் வழியே பார்ப்பதுபோலவே உலகைப் பார்க்கிறார். விரைந்து ஓடி மறையும் வீடும் மரமும் அவருக்குப் பிடிபடா. நின்று நிலைக்கும் அகன்ற காட்சி வேண்டும். நீருக்கு நிகர் எது? ஆதலின் வழியிலுள்ள நீர்ப்பரப்புகளை வரிசையாக எழுதிப் பெரிய எழுத்தில் அவருக்கு ஒரு தாள் ஆக்கித் தந்தோம்.

சன்னலோரம் வரப்போகும் காட்சிகள்

நியூ ஆர்லியன்ஸின் பயணிகள் நிலையம் 1954இல் திறக்கப்பட்டது. உள்ளே நுழைந்ததும் சுவர்களில் லூசியானாவின் வரலாறு பெரும் ஓவியங்களாக நிற்கும். கான்ராட் அல்பிரிசியோ என்பவர் தீட்டியவை. முன்னதாகவே சென்றால் அவற்றைக் காணலாம். வலப்புறச் சன்னலைக் கேட்டுப் பெறவும் நேரம் இருக்கும்.

நகரின் கிழக்குப் புறத்தைக் கடந்ததும் வீடுகள் அருகி, நாணலும் நீரும் கலந்த சதுப்புநிலம் தொடங்கும். சாலை ஒதுங்கிவிட, இருபுறமும் நீர்நிலைகளும் புல்வெளியுமாய்ப் பாதை நீளும். செஃப் மென்டூர், ரிகலீஸ் என்னும் இரு நீர்வழிகளை வண்டி பாலங்களில் கடக்கும். பாண்ட்சார்ட்ரெய்ன் ஏரியின் நீர் கடலோடு கலப்பது இவற்றின் வழியேதான். அடுத்து முத்தாறு என்று பொருள்படும் பெயர்கொண்ட பேர்ல் ஆறு. அதுவே மாநில எல்லை. அதைத் தாண்டினால் மிசிசிப்பி.

இப்பாதையில் படகுகளுக்காகத் திறந்து மூடும் பாலங்கள் பல. நீர்வழியில் வரும் கலத்திற்கு வழிவிட்டு வண்டி காத்திருக்க நேரலாம். “பாலத்தின்மேல் சிவப்பு விளக்கா? அதைவிட வேறென்ன வேண்டும்!” என்கிறார் தமையனார். பிறர் தாமதம் என்று முகம் சுளிப்பது அவருக்குக் கூடுதல் வரவு.

பே செயின்ட் லூயிஸை விட்டதும் வருவதுதான் அவர் தாளில் இருமுறை கோடிட்ட இடம்: விரிகுடாவின் குறுக்கே ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளப் பாலம். காத்ரீனா வாரிச் சென்று, மீண்டும் எழுப்பப்பட்ட பாலம் அதுவே. அதன்மேல் செல்லும் சில நிமிடங்களுக்கு எங்கு நோக்கினும் நீர்.

பின்னர் கல்ஃப்போர்ட் துறைமுக நகர். அடுத்து பிலாக்ஸி. இறால் படகுகளின் ஊர். பிரெஞ்சு வழியினரும், குரோவேசியர்களும், 1970களின் பிற்பகுதி முதல் வியட்நாமிலிருந்து வந்த குடும்பங்களும் இக்கடலை நம்பி வாழ்ந்தவர்கள். அவர்களுள் கத்தோலிக்கர் மிகப் பலர். இறால் பருவத்தின் தொடக்கத்தில் படகுகளுக்கு ஆசீர் அளிக்கும் விழா இங்கே 1929 முதல் நடந்துவருகிறது. பிலாக்ஸியை விட்டதும் மற்றொரு விரிகுடாப் பாலம். அதன்பின் 1904இல் கட்டிய பழைய நிலையக் கட்டடத்தைக் கொண்ட பாஸ்ககூலா. கப்பல் கட்டும் தளத்தால் பெயர் பெற்ற ஊர் இது. அதைக் கடந்தால் மேலும் சதுப்பு, மேலும் பைன் மரங்கள், பிறகு மோபீல்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கரையோர வண்டி என்றதும் வழியெல்லாம் அலை தெறிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டா. ஊர்களுக்குள் செல்லும்போது தண்டவாளம் கடற்கரையிலிருந்து சில தெருக்கள் தள்ளியே இருக்கிறது. நீர் விரிந்து தெரிவது பாலங்களிலும் சதுப்பிலும்தான். இதை முன்னரே அறிந்தவர்க்கு ஏமாற்றம் இல்லை. எப்போது கண்ணை ஓய்விக்கலாம், எப்போது விழித்திருக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

மோபீலில் ஐந்து மணி நேரம்

வண்டி நிற்குமிடம் நகரின் ஆற்றங்கரை. பழைய நிலையக் கட்டடம் காத்ரீனாவில் சிதைந்து 2007இல் இடிக்கப்பட்டது. இப்போது இருப்பது புதிய நடைமேடை. அங்கிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டரில் அமலோற்பவ அன்னை பேராலயம். மோபீல் மறைமாவட்டம் 1829இல் உருவானது. பேராலயப் பணி 1835இல் தொடங்கி 1850இல் நேர்ந்தளிக்கப்பட்டது. 1962இல் திருத்தந்தை 23ஆம் யோவான் அதனைப் பசிலிக்காவாக உயர்த்தினார். ஜெர்மனியின் மியூனிக் நகரில் செய்த வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் அதன் சிறப்பு. நண்பகல் வெயில் அவற்றின்மேல் நிற்கும் வேளையில் நாம் உள்ளே இருப்போம்.  

மதிய உணவுக்குக் கம்போ என்னும் குழம்புச் சோறு. இறால், நண்டு, சிலவேளை வெண்டைக்காய் சேர்த்துக் கெட்டியாகக் காய்ச்சுவர். அதன் பெயரே வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பர். அச்சொல்லைக் கொண்டு வந்தவர்கள் எவ்வாறு வந்தார்கள் என்பதை நினைத்தால் கவளம் தொண்டையில் நிற்கும்.

அதனாலேயே பிற்பகலில் போர்க்கப்பல் காட்சியகத்தை விடுத்து, நகரின் வடபுறத்திலுள்ள ஆப்பிரிக்காடவுன் நினைவகத்துக்குச் செல்ல முடிவு செய்திருக்கிறோம். அடிமைகளை அமெரிக்காவுக்குக் கொண்டு வருவது 1808லேயே தடைசெய்யப்பட்டிருந்தும், 1860இல் குளோடில்டா என்னும் கப்பல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஆண், பெண், குழந்தைகளைக் கள்ளத்தனமாக மோபீலுக்குக் கொண்டுவந்தது. குற்றம் வெளிப்படாதிருக்கக் கப்பலை ஆற்றில் எரித்து அமிழ்த்தினர். உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை பெற்றபின், தாயகம் திரும்ப வழியற்ற அம்மக்கள் நிலம் வாங்கித் தங்களுக்கென ஓர் ஊர் கண்டனர். அதுவே ஆப்பிரிக்காடவுன். மூழ்கிய கப்பல் இன்னதென 2019இல் உறுதி செய்யப்பட்டது. நினைவகம் 2023இல் திறக்கப்பட்டது. நடந்து செல்ல இயலாத தொலைவு. வாடகைக் கார் வேண்டும். நுழைவுச் சீட்டையும் முன்னதாகவே வாங்கிவிட வேண்டும். எப்படியும் நான்கு மணிக்கு நடைமேடைக்குத் திரும்பியாக வேண்டும், 4.30 வண்டியைத் தவறவிட்டால் அடுத்தது மறுநாள் காலை 6.30க்குத்தான்.

சில நடைமுறைச் சொற்கள்

இவ்வழியே செல்ல எண்ணும் குடும்பங்களுக்குச் சுருக்கமாகச் சில. வண்டி தொடங்கியபோது ஒருவழிக் கட்டணம் பெரியவர்க்கு 15 டாலரிலிருந்து அறிவிக்கப்பட்டது; பிந்த வாங்கினால் கூடும். சிறுவர்க்கும் அறுபத்தைந்து கடந்தவர்க்கும் சலுகை உண்டு. நாம் தந்துள்ள நேரங்கள் வண்டி தொடங்கியபோது வெளியான அட்டவணைப்படி. சீட்டு வாங்குமுன் மறுமுறை பார்த்துக்கொள்க. கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். பெட்டிகளில் குளிர் மிகுதி. முதியோர்க்குச் சால்வை தேவை. சிற்றுண்டி வண்டியிலேயே கிடைக்கும். பார்வைக் குறைவோ நடைத் தளர்ச்சியோ இருப்பின் சீட்டு வாங்கும்போதே தெரிவித்தால் ஏறி இறங்க உதவுவர். மருந்து வேளையை மறவாதீர்கள்: ஏப்ரலில் நம் நாட்டு நேரத்துக்கும் அந்நகரின் நேரத்துக்கும் பத்தரை மணி வேறுபாடு. தமையனாரின் இரவுச் சொட்டு மருந்தை எந்த நேரத்தில் இடுவது என்று மருத்துவரிடமே கேட்டு எழுதிக்கொண்டோம்.

சென்ற வாரம் சீட்டு வாங்கியாயிற்று. மகள் அதை அனுப்பிவைத்தபோது தமையனார் அச்சிட்ட தாளை முகத்தருகே வைத்துத் தேதியையும் வண்டி எண்ணையும் சரிபார்த்தார். கார்டு வேலை அவரைவிட்டுப் போகவில்லை. பின் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “தம்பி, மருத்துவர் ஒரு வருடமா, பத்து வருடமா என்று சொல்லவில்லை. சொல்லாததும் நல்லதுதான். பாலம் இருக்கிறது, வண்டி இருக்கிறது, கண் இருக்கிறது. மூன்றும் ஒன்றாய் இருக்கும்போது போய்விட வேண்டும்” என்றார்.

அன்பர்களே, நம் வீடுகள் பலவற்றில் ஒரு தந்தையோ தாயோ, ஒரு அக்காளோ, என்றோ சொன்ன ஓர் ஆசை கிடப்பில் இருக்கும். அது கடல் கடந்த பயணமாக இருக்க வேண்டுவதில்லை. பக்கத்து ஊர்த் திருவிழாவாகவும் இருக்கலாம். பிள்ளைகளின் தேர்வு முடியட்டும், மழை ஓயட்டும், கையில் பணம் சேரட்டும் என்று நாம் தள்ளிப்போடுகிறோம். வளைகுடாக் கரை மக்கள் தங்கள் வண்டிக்காக இருபது ஆண்டுகள் காத்திருந்தார்கள். காத்திருந்தவர்களுள் அது திரும்புமுன் கண்மூடியவர்களும் இருப்பார்கள். இன்று மாலையே அவர்களிடம் சென்று என்ன பார்க்க ஆசை என்று கேளுங்கள். விடை வரச் சற்றுத் தாமதமாகலாம். பொறுத்திருந்து கேட்டுக்கொண்டு, அட்டவணையை விரித்து உட்காருங்கள்.